அகன்ற திரையும் அப்பாவின் முகமும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் டி.வி.டி. தகடு இல்லாத வீடு அநேகமாக இராது. ஊரிலிருந்து புறப்படும்போது துணிமணிகளோடும் ஊறுகாய்ச் சாடியோடும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தவை அவை. தங்கையின் திருமணம், குலதெய்வக் கோவிலின் குடமுழுக்கு, பழைய சிவாஜி படங்கள் என்று பத்துத் தகடுகளேனும் அலமாரியில் அடுக்கியிருக்கும். அவற்றை ஓட்டிய கருவிகளோ பெரும்பாலும் பழுதாகிவிட்டன. சதுரமான பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளும் போய்விட்டன. இன்று வீட்டில் இருப்பது, பிள்ளைகளின் படிப்புக்கென வாங்கிய கணினியும் அதன் அகன்ற திரையுமே. அந்தத் திரையில் பழைய தகட்டை முழுத்திரையாகக் கண்டு மகிழ எந்த மென்பொருளைத் தெரிந்தெடுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். நாம் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, கரக்பூர் இரயில்வே அலுவலகம் ஒன்றில் எழுத்தராகக் காலந்தள்ளுகின்றோம். கணினி வல்லுநர் அல்லோம். பட்டறிந்ததை மட்டுமே எழுதுகின்றோம்.

திதியன்று நேர்ந்தது

எம் தந்தையாருக்கு 2008-ஆம் ஆண்டில் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. அன்று எடுத்த படத்தை ஊர்ப் படப்பிடிப்பாளர் ஒரு தகட்டில் பதிந்து தந்தார். தந்தையார் 2015-இல் காலமானார். அவர் நடப்பதும் சிரிப்பதும் பேசுவதும் எம்மிடம் இருப்பது அந்த ஒரு தகட்டில்தான். எம் மகனுக்கு இப்போது ஆறு வயது. தாத்தாவை அவன் கண்டதில்லை. சுவரில் மாலையிட்ட படம் ஒன்றே அவன் அறிந்த தாத்தா.

சென்ற தீபாவளிக்கு அகன்ற திரையுடன் ஒரு கணினி வாங்கினோம். தந்தையாரின் திதி வந்தது. சடங்கு முடிந்து உண்ட பின், அன்னையாரை நாற்காலியில் அமர்த்தி, மகனை மடியில் வைத்து, நண்பர் ஒருவர் கொடுத்திருந்த மென்பொருளால் தகட்டை ஓட்டினோம். திரையின் இரு பக்கத்திலும் கறுப்புப் பட்டை தெரிந்தது. இவ்வளவு பெரிய திரையை வாங்கி அதில் கால் பங்கை வீணாக்குவதா என்று எண்ணித் திரையை நிரப்பும் பொத்தானை அழுத்தினோம். படம் விளிம்புவரை நிறைந்தது.

அன்னையார் சற்று நேரம் பார்த்தார். "இது யாரடா? உன் அப்பா இவ்வளவு பருமனாக என்றைக்கு இருந்தார்?" என்றார். மகனோ, "தாத்தா குண்டு!" என்று கை கொட்டிச் சிரித்தான். தாம்பாளம் முட்டை வடிவாகத் தெரிந்தது. எம் தந்தையார் ஈர்க்குச்சி போன்ற உடம்பினர்.

உடனே வேறொரு பொத்தானை அழுத்தினோம். இம்முறை முகம் சரியாயிற்று; திரையும் நிறைந்தது. ஆனால் கலசநீர் வார்க்கும் கட்டம் வந்தபோது, மேலே கலசத்தைக் காணோம். நீர் மட்டும் எங்கிருந்தோ விழுந்தது. நாங்கள் பாதபூஜை செய்த கட்டத்திலோ கீழே பாதங்களைக் காணோம். அன்னையார் ஒன்றும் சொல்லாமல் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அதன் பின்னரே இவ்விஷயத்தைச் சற்று ஆழ்ந்து கற்கத் தொடங்கினோம்.

கணக்கு என்ன சொல்கிறது?

பழைய தொலைக்காட்சியின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 4-க்கு 3. இன்றைய கணினித் திரைகளில் மிகுதியாகக் காணப்படும் விகிதம் 16-க்கு 9. ஒரு திரையில் அகலத்தில் 1920 புள்ளிகளும் உயரத்தில் 1080 புள்ளிகளும் உள்ளன என்று கொள்வோம். பழைய விகிதப் படம் உயரம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் அதன் அகலம் 1440 புள்ளிகளே ஆகும். மிச்சம் 480, பக்கத்துக்கு 240 புள்ளி கறுப்பாக நிற்கும்.

இந்தக் கறுப்பைப் போக்க இரண்டே வழிகள் உண்டு. ஒன்று இழுத்தல், அப்போது ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு அதிகமாக அகலும். மற்றொன்று வெட்டுதல், அப்போது படத்தின் உயரத்தில் நாலில் ஒரு பங்கு போகும், மேலே அரைக்கால், கீழே அரைக்கால். எம் வீட்டில் கலசமும் பாதங்களும் போன கணக்கு இதுவே. மூன்றாவது வழி எந்த மென்பொருளிடமும் இல்லை. எத்தனை விலை கொடுத்தாலும், பதியாத மெய்க்காட்சியை அது மீட்டுத் தர இயலாது.

தகட்டின் முகவரிச் சீட்டு

நம் நாட்டுத் தகடுகளில் பெரும்பாலானவை பால் என்னும் முறையில் அமைந்தவை. அவற்றில் ஒவ்வொரு படச்சட்டமும் 720-க்கு 576 புள்ளிகளாகப் பதியப்பட்டிருக்கும். பழைய விகிதப் படமானாலும் அகன்ற படமானாலும் இதே அளவில்தான் அடைக்கப்படுகிறது. விரிக்க வேண்டிய விகிதம் எதுவென்று ஒரு குறிப்பும் உடன் பதியப்பட்டிருக்கும். பார்சல் அலுவலகத்தில் மூட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி தோன்றினும் அவை போய்ச் சேரும் ஊரை முகவரிச் சீட்டு சொல்லுவது போன்றது இது. அந்தச் சீட்டைப் படித்து, அதன்படி விரித்துக் காட்டுவதே நல்ல மென்பொருளின் முதற்கடமை.

ஆகவே தகடுகளை நான்கு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வகை, 4-க்கு 3 விகிதத்தில் எடுத்தவை. நம் பழைய வீட்டு விசேஷப் படங்கள் மிகுதியும் இவ்வகையே. பழைய திரைப்படங்களும் ஏறத்தாழ இவ்விகிதமே. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' 1973-ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. அதற்கு முற்பட்ட படங்களுக்கு இரு பக்கமும் கறுப்பு நிற்பதே முறை, அது குறையன்று.

இரண்டாம் வகை, 16-க்கு 9 என்று சீட்டிட்டவை. இவை தாமாகவே திரையை நிரப்பும். நாம் ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை.

மூன்றாம் வகை, அகன்ற சட்டத்துக்குள் பதிந்த சினிமாஸ்கோப் படங்கள். அவற்றின் அகலம் உயரத்தைப் போல் 2.35 மடங்கு. மேலும் கீழும் மெல்லிய கறுப்புப் பட்டை நிற்கும். இதுவும் இயல்பே.

நான்காம் வகைதான் தொல்லை தருவது. சினிமாஸ்கோப் படத்தைப் பழைய தொலைக்காட்சிக்காக 4-க்கு 3 சட்டத்துக்குள், மேல் கீழ்க் கறுப்பையும் சேர்த்தே பதிந்திருப்பார்கள். அகன்ற திரையில் ஓட்டினால் நாற்புறமும் கறுப்பு சூழ, நடுவில் தபால் தலை போலப் படம் தெரியும். இங்கே மட்டும் வெட்டுதல் முற்றிலும் தகும். வெட்டப்படுவது வெறும் கறுப்பே. 1440 புள்ளி அகலமாய் இருந்த படம் 1920 புள்ளிக்கு வளரும். ஒரு முகமும் கெடாது.

எதைத் தெரிந்தெடுப்பது?

2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, விண்டோஸோடு வரும் மீடியா பிளேயரில் டி.வி.டி. ஓட்டும் வசதி சேர்க்கப்படுவதில்லை. எனவே ஒரு மென்பொருளை நாமே தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சீட்டைச் சரியாகப் படிக்கிறதா? இழுத்தலையும் வெட்டுதலையும் தனித்தனியே வைத்திருக்கிறதா? தகட்டின் முகப்புப் பட்டியலைக் காட்டுகிறதா? பழைய படங்களின் கோடுகளை நீக்குகிறதா? இந்த நான்கு கேள்விகளையும் கேட்டே தெரிந்தெடுக்க வேண்டும்.

நாம் தேர்ந்தது வி.எல்.சி. என்பது. எகோல் சென்ட்ரல் பாரிஸ் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய வேலை இது. 2001-இல் எல்லோரும் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையளித்து வெளியிட்டனர். சாலைகளில் வைக்கும் ஆரஞ்சு நிறக் கூம்பே இதன் அடையாளம். விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும். இதற்குப் பணம் கேட்பவரிடம் ஏமாற வேண்டா. வீடியோலேன் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்க.

பயன்படுத்தும் முறை எளிது. 'மீடியா' பட்டியலில் 'ஓப்பன் டிஸ்க்' என்பதைத் தேர்ந்து தகட்டைத் திறக்க வேண்டும். ஆங்கில 'எஃப்' விசை முழுத்திரையாக்கும். 'ஏ' விசை விகிதத்தை மாற்றும். இதில் 'டிஃபால்ட்' என்று காட்டும் நிலையிலேயே விட்டுவிடுக. அதுவே சீட்டின்படி நடக்கும் நிலை. 'சி' விசை வெட்டும். நான்காம் வகைத் தகட்டுக்கு மட்டும் அதை அழுத்தி 16:9 என்று வரும்போது நிறுத்துக. வீட்டு விசேஷப் படங்களில் கையசைக்கும்போது சீப்பின் பற்கள் போன்ற கோடுகள் தெரிவதுண்டு. விநாடிக்கு 25 சட்டங்களையும் ஒற்றை வரி, இரட்டை வரி என இரண்டு பாதிகளாகப் பிரித்துப் பதிந்ததால் வரும் விளைவு அது. 'டி' விசை அதனைச் சீராக்கும்.

விண்டோஸ் வைத்திருப்போர் மீடியா பிளேயர் கிளாசிக் ஹோம் சினிமா என்பதையும் பார்க்கலாம், இதுவும் இலவசமே. எண் விசைப்பலகையின் 9 படத்தைச் சிறிது சிறிதாகப் பெரிதாக்கும், 1 சிறிதாக்கும், 5 பழைய நிலைக்குக் கொணரும். இதை முதலில் வளர்த்த குழு 2017-இல் பணியை நிறுத்தியபோதிலும், அதன்பின் வேறு கைகளால் புதிய பதிப்புகள் வெளிவந்துள்ளன. விலைக்குக் கிடைக்கும் மென்பொருள்களும் உண்டு. நம் போன்றோரின் பழைய தகடுகளுக்கு அச்செலவு வேண்டுவதில்லை என்பது எம் தாழ்மையான கருத்து.

ஒரு சோதனை சொல்லுகின்றோம். படத்தில் வட்டமான ஒரு பொருளைத் தேடுங்கள்: தாம்பாளம், நிலவு, வண்டிச் சக்கரம். அது வட்டமாகத் தெரிந்தால் விகிதம் சரி. முட்டையாகத் தெரிந்தால் எங்கோ இழுபடுகிறது. மென்பொருளில் பிழையில்லையெனில், கணினியின் திரை அமைப்பில் திரைக்கு இயல்பான அளவு தேர்ந்திருக்கிறதா என்று காண்க.

சிங்கப்பூர், மலேசியாவிலுள்ள உறவினர் அனுப்பிய தகடுகள் சிலவற்றில் 3 என்ற மண்டல எண் இருக்கும்; இந்தியாவுக்கு உரியது 5. தகட்டை ஓட்டும் பொறியின் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்றலாம்; பிறகு அது நிலைத்துவிடும். யோசித்து மாற்றுக.

மீண்டும் ஒரு மாலை

திதி கழிந்த மறுவாரம், ஞாயிறு மாலையில் மீண்டும் தகட்டை ஓட்டினோம். இரு பக்கமும் கறுப்பு நின்றது. அதை அப்படியே விட்டோம். தாம்பாளம் வட்டமாக இருந்தது. கலசம் மேலே தெரிந்தது. பாதங்கள் கீழே தெரிந்தன. அன்னையார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்போதுதான் அவர்" என்றார். மகன் திரையருகே சென்று நின்று, "தாத்தாவும் அப்பாவைப் போலவே காதைத் தடவிக்கொண்டு சிரிக்கிறார்!" என்றான். எமக்கு அப்படியொரு பழக்கம் உண்டென்பதை அன்றுதான் அறிந்தோம்.

அன்றிரவே தகட்டிலுள்ள 'வீடியோ டி.எஸ்.' என்னும் அடைவு முழுவதையும் கணினியில் நகலெடுத்து, வெளியே செருகும் சேமிப்பகம் ஒன்றிலும் வைத்தோம். வீட்டில் பதிந்த தகடுகள் சாயத்தின்மேல் எழுதப்பட்டவை. வெயிலும் வெப்பமும் அச்சாயத்தைக் கெடுக்கும். நகலெடுத்த அடைவை வி.எல்.சி. தகட்டைப் போலவே ஓட்டும். புதிய கணினிகள் பலவற்றில் தகடு செருகும் வாய் கிடையாது; யு.எஸ்.பி. வழியாகப் பொருத்தும் தனிப் பொறி கடைகளில் கிடைக்கிறது. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும்.

ஊரை விட்டு ஆயிரம் மைல் வந்து வாழும் நம் குழந்தைகள், தாத்தா பாட்டியரின் நடையையும் பேச்சையும் இத்தகடுகளின் வழியேதான் அறியப் போகின்றனர். திரை நிறையவில்லையே என்று அவர்கள் வருந்தப் போவதில்லை. அவர்கள் காணும் முகம் மெய்யான முகமாக இருக்க வேண்டும், அவ்வளவே. அலமாரியிலுள்ள தகடுகளை அன்பர்கள் இம்மாதமே எடுத்து ஓட்டிப் பார்ப்பார்களாக. ஐயம் உள்ளோர் மாலை வேளைகளில் எம் குவார்ட்டர்ஸுக்கு வரலாம். தெரிந்ததைச் சொல்லக் காத்திருக்கின்றோம்.