கைக்குழந்தையும் புது ஊரும்

புது ஊருக்குக் குடி போவது என்பது நம் தேசத்தில் என்றைக்குமே சாமானியமான காரியமாக இருந்ததில்லை. நாள் பார்க்க வேண்டும். நட்சத்திரம் பார்க்க வேண்டும். ராகு காலமும் சூலமும் குறுக்கே வராமல் இருக்க வேண்டும். இத்தனையும் பார்த்துக் கிளம்புகிற குடும்பத்தில் ஒரு கைக்குழந்தையும் இருந்துவிட்டால், மற்ற ஒன்பது கிரகங்களும் அந்தப் பத்தாவது கிரகத்துக்கு அடங்கி நடக்க வேண்டியதுதான்!

தாய் வீட்டில் பிரசவம். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புருஷன் வேலை பார்க்கும் ஊருக்குப் பிரயாணம். இது நம் குடும்பங்களில் வழிவழியாக வந்த முறை. அதுவரையில் பாட்டி குளிப்பாட்டினாள். அத்தை தூளி ஆட்டினாள். தாத்தா கிலுகிலுப்பை ஆட்டினார். இனிமேல் எல்லாப் பதவிகளையும் அந்த இளம் தாய் ஒருத்தியே ஏற்க வேண்டும். அப்படி அவள் வந்து இறங்குகிற ஊர் எப்படிப்பட்டது என்பதுதான் இங்கே நாம் கேட்க விரும்பும் கேள்வி. உதாரணத்துக்கு வள்ளூரை எடுத்துக் கொள்வோம்.

நேயர்களில் பலர் வள்ளூரைப் பார்த்திருக்க மாட்டார்கள். வல்லூர் என்றும் அந்தப் பெயரை எழுதுவதுண்டு. ஆயினும் அந்த ஊரின் உபகாரம் அவர்கள் வீட்டு விளக்கிலும் விசிறியிலும் இருக்கிறது. மத்திய சர்க்காரின் மின் நிறுவனமும் தமிழ்நாட்டு மின்சாரத் துறையும் கூட்டாக நிறுவிய அனல் மின் நிலையம் அங்கே இருக்கிறது. ஒவ்வொன்றும் 500 மெகாவாட் சக்தியுள்ள மூன்று இயந்திரங்கள் அதில் உண்டு. அருகே அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையம். கிழக்கே 2001-இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று சென்னையின் வடகரை நெடுகத் தொடர்ந்து வரும் தொழில் வரிசையின் வட கோடி அது.

கும்மிடிப்பூண்டிக்குப் போகும் மின்சார ரயிலில் ஏறினால் வழி தெரியும். எண்ணூர் தாண்டியதும் கொசஸ்தலை ஆறு அகன்று விரிகிறது. கழியில் படகுகள் மிதக்கின்றன. கொஞ்ச தூரத்தில் வானத்தை முட்டும் புகைபோக்கிகள். அத்திப்பட்டுப் புதுநகர் நிலையத்தில் ஒரு கையில் குழந்தையும், ஒரு கையில் பிளாஸ்க்குமாக ஓர் இளம் தாய் இறங்குகிறாள். பின்னால் பாயும் பெட்டியுமாக அவள் கணவன் வருகிறான் என்று வைத்துக் கொள்வோம்.

வாடகை வீடு பார்க்கும்போது புருஷர்கள் கேட்பது முன்பணம் எவ்வளவு, மின்சாரத்துக்குத் தனி மீட்டர் உண்டா என்பவை. கைக்குழந்தையின் தாயார் நிமிர்ந்து கூரையைப் பார்க்கிறாள். ஏன் தெரியுமோ? தூளி கட்டக் கொக்கி இருக்கிறதா என்று பார்க்கத்தான்! கொக்கி இல்லாத வீடு மாளிகையானாலும் அவளுக்கு வீடல்ல. பால் காய்ச்சிக் குடி புகுவது முதல் சடங்கு என்றால், பழம் புடவையில் தூளி கட்டுவது இரண்டாவது சடங்கு. குழந்தை அதில் ஒரு தூக்கம் தூங்கி எழுந்த பிறகுதான் அந்த இடம் வீடு என்ற பெயருக்குப் பாத்திரமாகிறது.

அடுத்த கேள்வி தண்ணீர். மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீர் ஒரு காலத்தில் பேர் போனது. 1960-களின் பிற்பகுதி தொட்டு அங்கே ஆழ்கிணறுகள் இறக்கி, சென்னைப் பட்டணத்துக்கும் மணலி ஆலைகளுக்கும் நீர் இறைத்தார்கள். இறைத்த வேகத்துக்கு மழை ஈடு கொடுக்கவில்லை. நல்ல நீர் விலகிய இடத்தில் கடல் நீர் உள்ளே புகுந்தது. பல கிணறுகள் உப்புக் கரித்தன. 2010-இல் பக்கத்துக் காட்டுப்பள்ளியில் கடல் நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை திறக்கப்பட்டது. அந்த நீர் சென்னைக்கென்று ஏற்பட்டது. ஊற்று நீரைப் பட்டணத்துக்குக் கொடுத்துவிட்டு உப்பு நீரோடு நின்ற பூமி அது. புதிதாக வந்தவள் முதல் நாளே கேன் தண்ணீருக்குச் சொல்லி வைக்க வேண்டியிருப்பதன் காரணம் இதுதான்.

ஆனால் ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குக் கேன் தண்ணீரும் வேண்டாம், கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம். "கோடையில் குழந்தைக்குத் தொண்டை வறளாதா? ஒரு பாலாடை தண்ணீர் கொடு, அம்மா!" என்று அக்கம்பக்கத்தில் அன்போடு சொல்லுவார்கள். சொல்லுகிறவர்களுடைய அன்பில் சந்தேகமில்லை. யோசனையில்தான் பிழை இருக்கிறது. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு நீர்தான். எந்தக் கோடைக்கும் அது போதும். நீர் கெட்டுப்போன பூமியில் கெடாத ஊற்று அது ஒன்றே. ஆகையால் அந்த ஊற்றைக் காப்பதற்கு, குழந்தைக்கு முன்னால் தாய்க்குச் சோறும் ஓய்வும் கிடைக்க வேண்டும். புது ஊரில் அடுப்பும் தொட்டிலும் ஒருத்தி தலையிலேயே விழும்போது இதை மறந்து போவது எளிது. கணவன்மார்கள் இந்த வாக்கியத்தை இரண்டு தரம் படிக்கும்படி வேண்டிக் கொள்கிறோம்.

மூன்றாவது காரியம், பெட்டியின் அடியில் புடவைகளுக்கு நடுவே பத்திரமாக வந்திருக்கும் தாய் சேய் நல அட்டை. வீட்டுப் பத்திரத்துக்குக் கொடுக்கும் மரியாதையை அதற்குக் கொடுக்க வேண்டும். பிறந்தவுடன் போட்ட ஊசியும் சொட்டு மருந்தும், 6, 10, 14 வாரங்களில் போட வேண்டியவையும், 9 மாதம் முடிந்ததும் தட்டம்மைக்குப் போடுவதும் அதில் அடக்கம். பிறந்த ஊரில் ஆரம்பித்ததை வந்த ஊரில் தொடரலாம். எங்கே பிறந்தாய் என்று கேட்டு எந்தச் சர்க்கார் நிலையத்திலும் குழந்தையைத் திருப்பி அனுப்பலாகாது. தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். அந்தப் பகுதிக் கிராம சுகாதார நர்ஸ் யார், அங்கன்வாடி எந்தத் தெருவில், இரவு வேளையில் எந்த ஆஸ்பத்திரி என்ற மூன்று விவரங்களையும் முதல் வாரத்திலேயே தெரிந்து கொள்ள வேண்டும். மளிகைக் கடையைப் பிறகு விசாரிக்கலாம்.

இந்த நர்ஸம்மாள்களை நாம் சாதாரணமாக எண்ணிவிடுகிறோம். 1971-இல் தமிழ்நாட்டில் பிறந்த 1,000 குழந்தைகளில் 113 குழந்தைகள் முதல் பிறந்த நாளைக் காணவில்லை. 2020-இல் அந்தத் தொகை 13 ஆகக் குறைந்துவிட்டது. வீடு வீடாக நடந்த கால்களும், ஊசியும், ஆஸ்பத்திரிப் பிரசவமும், பெண் கல்வியும் சேர்ந்து சாதித்த காரியம் இது. ஒரு ஜன சமூகம் மனம் வைத்தால் ஐம்பது வருஷத்தில் நூறு குழந்தைகளை யமனிடமிருந்து மீட்கலாம் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

அப்படியிருக்க, ஏன் கவலை என்று கேட்கலாம். கவலை கொடிக் கயிற்றில் இருக்கிறது. குழந்தைக்கு ஒரு நாளைக்கு இருபது துணியாவது வேண்டும். மொட்டை மாடியில் உலர்த்திய வெள்ளைத் துணியை எடுத்து உதறும்போது மெல்லிய சாம்பல் நிறத் தூள் பறக்கிறதே, அது என்ன? நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது நாற்பது பங்கு சாம்பல். புகைபோக்கியில் வடிகட்டிகள் இருந்தாலும், சாம்பல் ஏரிகளிலிருந்தும், கரி வண்டிகளிலிருந்தும், லாரிகள் ஓடும் சாலைகளிலிருந்தும் தூசி கிளம்பாமல் இருப்பதில்லை. அத்திப்பட்டு நிலையத்தின் சாம்பல் குழாய்கள் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் கலந்த விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரையில் போயிற்று.

பெரியவர்கள் நிமிஷத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது தடவை மூச்சு விடுகிறோம். கைக்குழந்தை முப்பது முதல் அறுபது தடவை விடுகிறது. அதன் நுரையீரல் பிறந்த பிறகும் வளர்ந்து கொண்டே இருக்கிறது. ஒரே காற்றில் இருவரும் இருந்தாலும், தன் உடம்பின் அளவுக்குக் குழந்தை இழுத்துக் கொள்ளும் பங்கு அதிகம். ஊரின் காற்றைச் சோதிக்க எத்தனையோ யந்திரங்கள் உண்டு. தூளியில் கிடக்கும் அந்தச் சோதனைக் கருவியோ பேசத் தெரியாதது. இரவில் இருமத்தான் தெரியும்.

2023 டிசம்பர் மாதத்தை வடசென்னைத் தாய்மார்கள் மறக்க மாட்டார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழியெங்கும் படிந்தது. அந்த மாதமே 26-ஆம் தேதி நள்ளிரவில், உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டு வரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. எண்ணூர்ப் பெரியகுப்பத்திலும் சுற்றுப்புறத்திலும் உறங்கிக் கொண்டிருந்த ஜனங்கள் கண் எரிய, மூச்சுத் திணற, குழந்தைகளை வாரி எடுத்துக் கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். புதிதாகக் குடி வந்த ஒருத்திக்கு அப்படிப்பட்ட இரவில் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியுமா? காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும், ஈரத் துணியால் மூக்கை மூடிக் கொள்ள வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லி வைத்தார்கள்? அபாயமுள்ள ஆலை இருக்கும் இடத்தில் இந்தப் பாடத்தைத் தெருத் தெருவாகச் சொல்லிக் கொடுப்பது கடமையேயன்றித் தயவு அல்ல.

இதையெல்லாம் சொல்வதால் ஆலைகளே வேண்டாம் என்பது நமது கட்சி என்று யாரும் எண்ண வேண்டாம். மின்சாரம் இல்லாமல் ஆஸ்பத்திரியில் தடுப்பு மருந்தைக் குளிரில் வைக்க முடியாது. ஆனால் 2015 டிசம்பரில் மத்திய சர்க்கார் அனல் நிலையப் புகைக்குப் புதிய வரம்புகள் விதித்து, இரண்டு வருஷத் தவணை கொடுத்தது. பிறகு அந்தத் தவணை பல முறை நீட்டப்பட்டது. கடன்காரனுக்குத் தவணை சொல்லலாம். குழந்தையின் மார்புக் கூட்டுக்குத் தவணை சொல்ல முடியுமா? மகாத்மா காந்தி 1941-இல் வெளியிட்ட நிர்மாணத் திட்டத்தில் கதரோடும் கல்வியோடும் கிராமச் சுகாதாரத்தையும் சேர்த்து வைத்தார். சுதந்திரம் என்பது கொடியோடு முடிவதல்ல, கொடிக் கயிற்றில் உலரும் குழந்தைத் துணி வரையில் வர வேண்டும் என்பதே அதன் பொருள்.

சர்க்கார் செய்ய வேண்டியதைச் சர்க்காரிடம் கேட்போம், விடாமல் கேட்போம். அதுவரையில் நாம் செய்யக் கூடியதும் உண்டு. காற்றின் போக்கை ஊர்ப் பெண்கள் அறிவார்கள். எந்த நேரத்தில் துணி உலர்த்தலாம், எந்த நேரத்தில் ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று புதிதாக வந்தவளுக்கு அவர்கள் சொல்லலாம். தரையைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடைப்பது நல்லது. குழந்தை வேகமாக மூச்சு வாங்கினாலும், விலாப் பக்கம் குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும் பக்குவம் பார்த்துக் கொண்டிராமல் உடனே 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொழில் வட்டாரங்களுக்குக் கைக்குழந்தையோடு வருகிறவர்கள் தமிழ்க் குடும்பங்கள் மட்டுமல்ல. பீகாரிலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் குடியிருக்கும் தொழிலாளியின் மனைவிக்கும் தூளி உண்டு, கொக்கிதான் இல்லை. அவளுக்கு நம் பாஷை தெரியாது. ஆனால் புதன்கிழமை காலையில் ஒருத்தி வாசலில் நின்று, இடுப்புக் குழந்தையைக் காட்டி, "வா" என்று கை அசைத்தால் அதற்குப் பாஷை வேண்டியதில்லை. அங்கன்வாடியின் சத்து மாவு அந்தக் குழந்தைக்கும் உரியதுதான்.

ஓர் ஊர் முன்னேறிவிட்டதா என்று பார்க்கப் புகைபோக்கியின் உயரத்தை அளப்பவர்கள் அளக்கட்டும். நாம் வேறோர் அளவுகோலைச் சிபாரிசு செய்கிறோம். புதிதாக வந்து இறங்கிய ஒரு கைக்குழந்தை, அந்த ஊரின் காற்றில், அந்த ஊரின் நிழலில், தூளியில் அயர்ந்து ஓர் இரவு முழுவதும் இருமாமல் தூங்க வேண்டும். வள்ளூரில் அந்தத் தூக்கம் நிச்சயமாகும் நாளில், நம் வீட்டு விளக்கையும் நாம் மனம் உறுத்தாமல் ஏற்றலாம்.