கோடையில் தண்ணீர் ஊற்றாதீர்கள்

தெற்கு கலிபோர்னியாவில் ஜூலை வந்துவிட்டால் கறுப்பு சேஜ் செடியின் இலைகள் சுருளும், பாதி உதிரும். செடியே பட்டுப்போனதுபோல் நிற்கும். பார்க்கிறவருக்கு மனசு கேட்காது. ஹோஸ் பைப்பை இழுத்துவந்து வேர் ஊற ஊறத் தண்ணீர் விடுவார். அதுவரை உறங்கிக்கொண்டிருந்த செடி அதற்குப் பிறகுதான் சாகத் தொடங்கும்.

குளிர்காலத்திலேயே மழை பெய்து முடிந்துவிடும் நிலம் அது. சான் டியேகோவில் ஆண்டு முழுவதும் சேர்த்தே சுமார் 250 மில்லிமீட்டர்தான். வறண்ட கோடையை இலை உதிர்த்துக் கடத்துவது அங்குள்ள சேஜ் செடிகளின் இயல்பு. சூடேறிய மண்ணில் ஈரம் தங்கினால் வேரழுகல் கிருமிகள் பெருகிவிடும். இந்தச் செடிகளைக் கொல்வது பெரும்பாலும் தாகம் அல்ல, நம் கரிசனம்தான்.

சேஜ் என்கிற சால்வியா, நம் துளசிக்கும் தும்பைக்கும் உறவு. அதே சதுரத் தண்டு, அதே உதடு பிரிந்த பூ. சாம்பல் பூத்த இலையும் நீலப் பூவும் கொண்ட கிளீவ்லண்ட் சேஜை ஒருமுறை கசக்கி முகர்ந்தவர்கள் அந்த மணத்தை மறக்க மாட்டார்கள்.

ஆனால் தோட்டத்தில் ஒரே ஒரு வகையோடு நிறுத்திவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். காரணம், தேனீக்கள். வெள்ளை சேஜும் கறுப்பு சேஜும் ஒரே மலைச்சரிவில் அடுத்தடுத்து வளர்பவை. இருந்தும் அவை கலப்பது அரிது. ஏன் என்று ஆராய்ந்த கேரன் கிராண்ட், வெர்ன் கிராண்ட் தம்பதி 1964-ல் அதை விளக்கி எழுதினார்கள். வெள்ளை சேஜ் பூவின் பெரிய கீழுதடு மேல்நோக்கி மடிந்து வாயை அடைத்திருக்கும். கனத்த தச்சுத் தேனீயோ பம்பிள் தேனீயோ வந்து உட்கார்ந்தால்தான் அது தாழும். நீண்டு நிற்கும் மகரந்தத்தாள்கள் அப்போது தேனீயின் உடலில் படும். கறுப்பு சேஜின் பூவோ சின்னது, தாள்களும் குட்டை. அதன் அளவு சிறிய, நடுத்தரத் தேனீக்களுக்கே பொருந்தும். பெரியதற்கு ஒன்று, சிறியதற்கு ஒன்று என இரண்டையும் நட்டால் பந்தி எல்லோருக்கும் ஆகும்.

நடுவதற்கு ஏற்றது மழை தொடங்கும் நவம்பர். முழு வெயில் விழும் இடம் வேண்டும். களிமண் என்றால் மேடு கட்டி நடலாம். எரு வேண்டாம், கொழுத்து வளர்ந்து சாய்ந்துவிடும். முதல் கோடையில் மட்டும், மண் நன்றாகக் காய்ந்தபின், வெயில் ஏறுமுன் எப்போதாவது ஆழமாக நீர் விடலாம். பூ முடிந்த தண்டுகளை உடனே வெட்ட வேண்டியதில்லை. விதை தின்னக் குருவிகள் வரும். பிறகு கவாத்து செய்யும்போது இலையில்லாத முற்றிய கட்டை வரை வெட்டினால் அங்கே துளிர் வராது.

வெள்ளை சேஜ் வாங்குமுன் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். புகை போடும் கட்டுகளுக்காக அதைக் காட்டிலிருந்து திருட்டுத்தனமாக அறுத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் தியோடர் பெய்ன் அறக்கட்டளைபோல, மண்ணின் செடிகளை வளர்த்தே விற்கும் நாற்றங்கால்கள் இருக்கின்றன. அங்கும் பெரிய தொட்டிச் செடியைத் தேட வேண்டாம். சின்னக் கன்றுதான் சீக்கிரம் வேர் பிடிக்கும்.