ஜீப்பின் வயிற்றில் கரகரப்பு

யந்திரங்களுக்குப் பேசத் தெரியாது என்று சொல்பவர்கள், பழைய ஜீப்பில் ஏறி மலைப் பாதையில் போனதில்லை என்றே வைத்துக் கொள்ள வேண்டும். நோயுற்ற ஜீப் வாய் ஓயாமல் பேசும். ஆட்டுக்கல்லில் உளுந்துக்குப் பதிலாகக் கூழாங்கல்லைப் போட்டு அரைத்தாற் போன்ற ஒரு கரகரப்பு எழும். உடனே, "கியர்ப் பெட்டி போய் விட்டது!" என்று தீர்ப்புக் கூறி விடுகிறார்கள். பெட்டியைப் பிரித்து, பணத்தைக் கொட்டி, மறுபடி பூட்டிய பிறகும் சத்தம் பழையபடியே கேட்கிறது! சத்தம் பிறக்கும் இடம் வேறு, காதில் விழும் இடம் வேறு என்பதே காரணம். வண்டியின் இரும்புச் சட்டம் எங்கேயோ பிறந்த ஒலியைச் சுமந்து வந்து ஓட்டுகிறவரின் காலடியில் சேர்த்து விடுகிறது. ஆகையால், அறுப்பதற்கு முன் நாடி பார்ப்பதே உத்தமம்.

சக்தி செல்லும் வழி

1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் வில்லிஸ், போர்டு ஆகிய இரு தொழிற்சாலைகளும் 6 லட்சத்துக்கு மேற்பட்ட யுத்த ஜீப்புகளைச் செய்தன. நம் நாடு விடுதலையடைந்த காலத்தை ஒட்டி, மஹீந்திரா நிறுவனம் பம்பாயில் அதே இனத்து வண்டிகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. போடிநாயக்கனூரிலிருந்து இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்வதில் பேர் பெற்றவை அந்த வம்சத்து ஜீப்புகளே.

யுத்த ஜீப்பையே உதாரணமாகக் கொள்வோம். என்ஜினின் சக்தி கிளட்ச் வழியாகக் கியர்ப் பெட்டிக்குள் புகுகிறது. அதன் பின்னால் ஒட்டியுள்ள டிரான்ஸ்பர் பெட்டி அதைப் பங்கிட்டு, இரண்டு நீண்ட ஷாப்டுகளின் மூலம் முன்னும் பின்னும் அனுப்புகிறது. ஒவ்வொரு ஷாப்டும் ஒரு டிபரன்ஷியலைச் சுழற்ற, அது சக்கரங்களைச் சுழற்றுகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியும் முனகலாம்.

நாடி பார்க்கும் முறை

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். முதலில் வண்டியை நிறுத்தி, கியரை விலக்கி, என்ஜினை ஓட விடுங்கள். கரகரப்பு கேட்கிறதா? கிளட்சை மிதித்தவுடன் அது அடங்கினால், கியர்ப் பெட்டியின் முகப்பிலுள்ள பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதித்த பிறகே தோன்றினால், குற்றவாளி கிளட்ச் பேரிங்.

நின்ற வண்டி மௌனமாயிருந்து, ஓடும்போது ஒரு கியரில் மட்டும் சத்தம் எழுந்தால், அந்தக் கியரின் பற்சக்கரங்களைப் பாருங்கள். எல்லாக் கியரிலும் எழுந்து, வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்கினால், நோய் டிரான்ஸ்பர் பெட்டியிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. காலை அழுத்தும்போது ஒரு விதமாகவும் எடுக்கும்போது வேறு விதமாகவும் ஒலித்தால் டிபரன்ஷியலைக் கவனியுங்கள். இடப்புறம் திரும்பும்போது பாரம் வலப்புறம் சாய்கிறது. அப்போது சத்தம் அதிகரித்தால், வலப்புறச் சக்கரம் ஒன்றின் பேரிங் தேய்ந்திருக்கக் கூடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. லீவரைத் தள்ளி முன் சக்கரங்களுக்குச் சக்தி போவதை நிறுத்தினாலும், யுத்த ஜீப்பில் முன் ஷாப்டும் முன் டிபரன்ஷியலும் சக்கரங்களோடு சுற்றிக் கொண்டேயிருக்கும். ஆகவே சத்தம் நீடிப்பதை வைத்து, முன் அச்சு நிரபராதி என்று விடுதலை செய்து விடக் கூடாது.

நோயில்லாத நோய்

வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களை விட அதிக தூரம் ஓடுகின்றன. யுத்த ஜீப்பில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே டிபரன்ஷியல் கிடையாது. சேற்றில் சக்கரம் சற்று வழுக்கிக் கணக்கைச் சரி செய்து கொள்ளும். உலர்ந்த தார் ரஸ்தாவில் நான்கு சக்கரங்களையும் இயக்கினாலோ, அந்த முறுக்கெல்லாம் பற்சக்கரங்களில் அடைபட்டு வண்டி முரண்டு பண்ணும், லீவரும் அசையாது. நேராகச் சில கஜம் பின்னோக்கி ஓட்டினால் முறுக்குத் தளர்ந்து விடும். முன் டயர்கள் புதியவையாகவும் பின் டயர்கள் தேய்ந்தவையாகவும் இருந்தாலும் இதே தொல்லைதான்.

எண்ணெயும் ஜாக்கியும்

கியர்ப் பெட்டி, டிரான்ஸ்பர் பெட்டி, இரண்டு டிபரன்ஷியல்கள் ஆகிய நான்கிலும் எண்ணெயைப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறப் பசை இருந்தால் பயமில்லை. இரும்புச் சில்லுகள் தென்பட்டால் அந்தப் பெட்டியைப் பிரித்தே தீர வேண்டும். எண்ணெய் பாலைப் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்பது நல்லது. ஆனால் யுத்த ஜீப்பின் கைப் பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. பின் ஷாப்டைத்தான் பிடிக்கிறது. பின் சக்கரம் ஒன்று உயர்ந்தால் அந்தப் பிடி பயன்படாது. தரையிலுள்ள சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தே தீர வேண்டும். சில சக்கரங்கள் தரையில் இருக்கையில், நான்கு சக்கர இயக்கத்தில் என்ஜினை ஓட்டினால் வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்து விடும்.

மெக்கானிக்கிடம் போகும்போது, "சத்தம் கேட்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் கியரில், எந்த வேகத்தில், எந்தப் பக்கம் திரும்பும்போது என்று காகிதத்தில் குறித்துக் கொடுங்கள். பிரிக்க வேண்டியதை மட்டும் அவர் பிரிப்பார். பத்துப் பேரை ஏற்றிக் கொண்டு மலையிறங்கும் வண்டியில் சக்கர பேரிங் பாதி வழியில் இறுகி விட்டால், அப்புறம் சத்தத்தைப் பற்றி விசாரிக்க அவகாசம் இராது.