சைடு தொழில்: ஒருவருக்குத் தடை, இன்னொருவருக்குக் கட்டாயம்! ஒரே தபாலாபீசில் இரண்டு சட்டம்

கீரமங்கலம்,

கோழி கூவும் முன்பே கீரமங்கலம் வட்டாரத் தோட்டங்களில் வெளிச்சம் மினுக்குகிறது. திருடன் அல்ல! தலையில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு மல்லிகையும் முல்லையும் பறிக்கிறார்கள். மொட்டு விரிந்துவிட்டால் விலை போச்சு.

கொத்தமங்கலம், சேந்தன்குடி, பனங்குளம், செரியலூர், மேற்பனைக்காடு என்று சுற்றுப்பட்டி பூ எல்லாம் கீரமங்கலம் கமிஷன் கடைகளுக்கு வருகிறது. எடை போட்டுக் கூடையை இறக்கியதும், வீட்டுக்கு ஓடிக் குளித்து, சட்டையை மாற்றிக்கொண்டு வேறு வேலைக்கு பஸ் ஏறுகிறவர்களும் உண்டு. காலையில் பூ, பகலில் சம்பளம். ஊரில் இதை யாரும் தப்பாகப் பேசுவதில்லை. பேசவும் முடியாது. முகூர்த்த நாளில் எகிறும் பூ விலை, வரத்து கூடினால் பறிகூலிக்கே காணாது. அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது எப்படி?

புயல் கொடுத்த அடி

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்த கஜா புயல் இந்தப் பகுதித் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. தென்னங்கன்று நட்டால் மறு வருஷமே காய்க்குமா? காய்க்க வருஷக்கணக்கில் ஆகும். அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே! ஒரு வேலையில் இருந்தவரும் இன்னொரு வேலை தேட வேண்டிய நிலைமை.

கவர்மெண்டு ஆளுக்குக் கிடுக்கி

கூலிக்காரர் இரண்டு வேலை பார்த்தால் உழைப்பாளி. கவர்மெண்டு ஊழியர் பார்த்தால்? நோட்டீஸ் வரும்!

தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 1973-ம் வருஷத்து நடத்தை விதிகள் இருக்கின்றன. முன் அனுமதி இல்லாமல் வியாபாரமோ, வேறு வேலையோ பார்க்கக் கூடாது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964-ம் வருஷத்து விதிகளில் 15-வது விதி. அதில் ஒரு சங்கதி பூக்கடைத் தெருவுக்கென்றே எழுதியது போல இருக்கிறது. மனைவியோ, குடும்பத்தாரோ இன்ஷூரன்ஸ் ஏஜென்சி, கமிஷன் ஏஜென்சி நடத்தினால், அதற்காக ஊழியர் ஆள் பிடித்துக் கொடுப்பதும் விதிமீறல். குடும்பத்தார் வியாபாரம் செய்தால் அந்த விவரத்தை மேலிடத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். "கடை வீட்டுக்காரி பேர்லதானே இருக்கு, நமக்கென்ன?" என்ற சமாதானம் எடுபடாது.

கதை, கவிதை எழுதலாம். சம்பளம் வாங்காமல் தர்ம காரியம் செய்யலாம். ஆபீஸ் வேலை கெடாமல் இருந்தால் சரி.

வாத்தியார் டியூஷன் எடுக்கலாமா? கூடாது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், 28-வது பிரிவு. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களுக்கும் இதே கதிதான். இரண்டு இடத்தில் வேலை பார்த்ததாக 300 பேரை நீக்கிவிட்டதாக 2022 செப்டம்பரில் விப்ரோ நிறுவனம் அறிவித்தது நாடு முழுக்கப் பேச்சானது.

தபாலாபீஸ் வேடிக்கை

தலைகீழ் கதை தபாலாபீசில்தான். நிரந்தரத் தபால்காரருக்கு மேலே சொன்ன 15-வது விதி. வியாபாரம் என்று பேச்செடுத்தாலே வம்பு. அதே பையைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்குப் போகிற கிராமிய அஞ்சல் ஊழியர் (பழைய ஆட்களுக்கு 'ஈ.டி.' என்றால் புரியும்) விஷயம் வேறு. இந்த வேலைக்கு 10-ம் வகுப்பு தேற வேண்டும். சைக்கிள் ஓட்டத் தெரிய வேண்டும். அதோடு, பிழைக்கப் போதுமான வேறு வழியும் இருக்க வேண்டும்! ஆமாங்க, சைடு வருமானம் இல்லாவிட்டால் வேலைக்கே தகுதி இல்லை. கிளைத் தபாலாபீஸ் நடத்த இடத்தையும் கிளை அஞ்சல் அதிகாரியே தேடிக் கொடுக்க வேண்டும்.

காரணம் இல்லாமல் இல்லை. இவர்களிடம் நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பது விதி. முழு ஊழியர் இல்லை என்பதால் சம்பளம் என்றும் சொல்வதில்லை, படி என்கிறார்கள். இவர்கள் வகிப்பது சிவில் பதவிதான் என்று சுப்ரீம் கோர்ட்டு 1977-ல் தீர்ப்புச் சொன்னது. விசாரணை இல்லாமல் வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஆனால் நிரந்தர ஊழியருக்குச் சமமாக நடத்த அந்தத் தீர்ப்பு வழி செய்யவில்லை.

2018 மே 22-ல் நாடு முழுக்க இவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இரண்டு வாரம் கிராமங்களில் தபால் முடங்கியது. ஜூன் 6-ந் தேதி மத்திய மந்திரிசபை படி உயர்வுக்கு ஒப்புதல் கொடுத்தது. 4 மணி நேரம் பார்க்கும் தபால் சேவகருக்கு மாதம் 10 ஆயிரம் ரூபாய், 5 மணி நேரத்துக்கு 12 ஆயிரம். கிளை அஞ்சல் அதிகாரிக்கு 12 ஆயிரமும் 14,500-ம். இது அப்போது நிர்ணயித்த ஆரம்பத் தொகை, அகவிலைப்படி தனி.

'8 மணி நேர வேலை கொடு, பென்ஷன் கொடு' என்பது இவர்களின் நெடுநாள் கோஷம். அதைக் கொடுத்தால் முழு ஊழியராகிவிடுவார்கள். அப்புறம் 15-வது விதி இவர்கள் வாசலிலும் வந்து நிற்கும். தோட்டத்துப் பூவைக் கமிஷன் கடையில் கொண்டுபோய்ப் போட்டால் அது விவசாயமா, வியாபாரமா என்று மேலிடத்தில் யாராவது ஒரு பைலைத் திறப்பார்கள்.