‘பிபிஏ இல்லை’ என்றால் போதுமா?

கருவுற்ற முட்டை கருக்குழாய் வழியாகக் கருப்பைக்கு வந்து சேர மூன்று நான்கு நாட்கள் ஆகின்றன. ஏறக்குறைய ஆறாம் நாளில் அது கருப்பைச் சுவரில் பதியத் தொடங்குகிறது. மாதவிடாய் தள்ளிப்போய்த் தாய்க்குச் சந்தேகம் வர இன்னும் ஒரு வாரமாவது ஆகும். ஆனால் எந்தச் செல்கள் குழந்தையாகும், எவை நஞ்சுக்கொடியாகும் என்பது அதற்குள் பிரிந்துவிடுகிறது. தாய் தந்தையிடமிருந்து வந்த மரபணுக்கள் மீதுள்ள வேதிக்குறிகளில் பெரும்பாலானவை அழிந்து, புதிதாகப் பதிகின்றன. கருவை ஏற்கக் கருப்பைச் சுவர் தயாராவதும் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் என்ற இரு ஹார்மோன்களின் கணக்கில்தான். அந்தக் கணக்கில் குறுக்கிடும் பொருட்களில் அதிகம் ஆராயப்பட்டது பிபிஏ எனப்படும் பிஸ்பீனால் ஏ.

ஈஸ்ட்ரோஜன் போல அது வேலை செய்யும் என்பது 1930களிலேயே தெரியும். அப்படியிருந்தும் 1950களுக்குப் பிறகு பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கிலும் உணவு டப்பாக்களின் உட்பூச்சிலும் தாராளமாகச் சேர்க்கப்பட்டது. 1998இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஓர் ஆய்வகத்தில், எலிக்கூண்டுகள் தவறுதலாகக் காரம் மிகுந்த சோப்பால் கழுவப்பட்டன. பிளாஸ்டிக் அரிக்கப்பட்டு, பிபிஏ கசிந்தது. அந்த எலிகளில், குரோமோசோம்கள் ஒழுங்காக அணிவகுக்காத முட்டைகள் வழக்கமாக நூற்றுக்கு இரண்டுக்குள்தான் இருக்கும். அது நாற்பதாக உயர்ந்தது. அத்தகைய முட்டையிலிருந்து உருவாகும் கரு பெரும்பாலும் நிலைப்பதில்லை.

2007இல் வெளியான ஆய்வு இன்னும் கவலை தருவது. பெண்ணின் முட்டைகள் அவள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகத் தொடங்கிவிடுகின்றன. கர்ப்பிணி எலிக்கு பிபிஏ கொடுத்தபோது, வயிற்றிலிருந்த பெண் குட்டியின் முட்டைகள் பழுதாயின. அது வளர்ந்து சுமந்த கருக்களிலும் குரோமோசோம் கோளாறு தெரிந்தது. ஒருமுறை உள்ளே போன பொருள் பேரப்பிள்ளை வரை எட்டுகிறது.

மனிதர்களுக்குச் சேரும் அளவு மிகச் சொற்பம், எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்தக் கூடாது என்று சொல்லும் நிபுணர்களும் உண்டு. ஆனால் ஐரோப்பாவில் 2023இல், தினமும் உட்கொள்ளத்தக்க அளவு முன்பிருந்ததில் இருபதாயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. பால் புட்டிகளில் பிபிஏவுக்கு அங்கே 2011இலேயே தடை. இந்தியாவில் 2015இல் வந்த தர விதியும் அதையே சொல்கிறது.

உண்மையான ஆபத்து தடைக்குப் பிறகு தொடங்குகிறது. பிபிஏ போன இடத்தில் அதன் நெருங்கிய உறவான பிஸ்பீனால் எஸ், பிஸ்பீனால் எஃப் வந்து உட்கார்ந்துகொண்டன. கடைகளில் தரும் பில் காகிதத்திலும் இதே கதைதான். 1998 பழுதைக் கண்ட அதே ஆய்வுக் குழுவுக்கு, வேறு பிளாஸ்டிக்கில் செய்த கூண்டுகளிலும் அதே அனுபவம் நேர்ந்தது. இம்முறை கசிந்தது பிஸ்பீனால் எஸ் என்று அது 2018இல் அறிவித்தது. மாற்றுப் பொருட்களும் எலிகளின் முட்டை, விந்தணு உருவாக்கத்தைக் கெடுத்தன. ‘பிபிஏ இல்லை’ என்ற முத்திரையைப் பார்த்து வாங்கும் தாய்க்கு, அதற்குப் பதில் என்ன சேர்க்கப்பட்டது என்று யாரும் சொல்வதில்லை.

உணவைத் தொடும் பொருட்களுக்கு ஐரோப்பா 2024 டிசம்பரில் கொண்டுவந்த தடை, தீங்கான மற்ற பிஸ்பீனால்களையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. இந்தியாவுக்கும் தேவை அதுதான்: ஒவ்வொரு பொருளாகத் துரத்தாமல், அந்தக் குடும்பம் முழுவதற்கும் ஒரே விதி.