இன்டர்கூலர்

இன்டர்கூலர் அல்லது இடைக்குளிர்விப்பான் என்பது டர்போசார்ஜர் அமுக்கி அனுப்பும் காற்றை, அது எஞ்சினின் சிலிண்டருக்குள் நுழையும் முன் குளிர்விக்கும் வெப்பப் பரிமாற்றக் கருவி ஆகும். இது எஞ்சினையே குளிர்விப்பதாகப் பலர் நினைக்கின்றனர். அந்த வேலை ரேடியேட்டருடையது. இரண்டு கட்டங்களாகக் காற்றை அமுக்கும் இயந்திரங்களில் இரு அமுக்கிகளுக்கும் இடையே வைக்கப்பட்டதால் இக்கருவி இப்பெயர் பெற்றது. பெரும்பாலான கார்களில் ஒரே அமுக்கிதான் உள்ளது என்பதால் பின்குளிர்விப்பான் என்பதே பொருத்தமான பெயர். ஆனாலும் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

காற்று சூடாவது ஏன்?

டர்போசார்ஜரில் ஒரே தண்டின் இரு முனைகளிலும் இரு சக்கரங்கள் உள்ளன. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒன்றைச் சுழற்ற, மற்றொன்று வெளிக்காற்றை இழுத்து அமுக்குகிறது. அமுக்கப்படும் எந்த வளிமமும் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

30° செல்சியஸ் வெப்பநிலையில் உள்ள காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்குவதாகக் கொள்வோம். இழப்பே இல்லாத அமுக்கியிலும் அது ஏறத்தாழ 96° செல்சியஸை எட்டும். 70 விழுக்காடு திறனுள்ள அமுக்கியில் 125° செல்சியஸை நெருங்கிவிடும். சூடான காற்று விரிவடையும் என்பதால், அழுத்தம் 2 மடங்கானாலும் அடர்த்தி சுமார் 1.5 மடங்கே ஆகிறது. அதாவது, அழுத்தமானி காட்டும் அளவுக்கு ஆக்சிசன் சிலிண்டருக்குள் செல்வதில்லை. அதே காற்றை 50° செல்சியஸுக்குக் குளிர்வித்தால், கருவிக்குள் ஏற்படும் சிறு அழுத்த இழப்பைக் கழித்த பிறகும் அடர்த்தி 1.8 மடங்குக்கு மேல் உயரும். கூடுதல் ஆக்சிசன் கிடைப்பதால் கூடுதல் எரிபொருளை எரிக்க முடிகிறது.

தட்டல் என்னும் ஆபத்து

பெட்ரோல் எஞ்சினில் ஆற்றல் கூடுவதை விட முக்கியமான பயன் ஒன்று உண்டு. சிலிண்டருக்குள் கலவை அளவுக்கு மீறிச் சூடானால், ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ பரவி வந்து சேரும் முன்பே எஞ்சிய கலவை தானாக வெடித்து எரியும். இது தட்டல் எனப்படுகிறது. கடுமையான தட்டல் தொடர்ந்தால் பிஸ்டன் உடையலாம், உருகலாம். உள்ளே வரும் காற்றின் சூட்டைக் குறைத்தால் இந்த எல்லை தள்ளிப் போகிறது.

இன்டர்கூலர் இல்லாமல் இச்சிக்கலைச் சமாளிக்க முயன்ற கார், 1962இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். அதன் அமுக்க விகிதம் 10.25:1, டர்போ எஞ்சினுக்கு இது மிக அதிகம். எனவே தூய நீரும் மெத்தனாலும் கலந்த திரவம் உள்வரும் காற்றில் தெளிக்கப்பட்டது. திரவத்துக்கெனத் தனித் தொட்டி இருந்தது. அது வற்றினால் டர்போவின் அழுத்தம் தானாகக் குறைக்கப்படும். உரிமையாளர்கள் பலர் அதை நிரப்பத் தவறினர். பின்னர் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரைப் பொருத்தித் தரவும் நிறுவனம் முன்வந்தது. இன்டர்கூலருக்கு நிரப்ப வேண்டிய தொட்டி ஏதும் இல்லை; ஓடும் காரின் மீது வீசும் காற்றே போதும். 1978இல் போர்ஷே 911 டர்போ 3.3 லிட்டர் எஞ்சினுடன் வந்தபோது, அதன் பின்புற இறக்கைக்கு அடியில் இன்டர்கூலர் இடம்பெற்றது. ஆற்றல் 260இலிருந்து 300 குதிரைத்திறனாக உயர்ந்தது; இதில் பெரிதாக்கப்பட்ட எஞ்சினுக்கும் பங்குண்டு.

டீசல் எஞ்சினில் வெறும் காற்றே அமுக்கப்பட்டு, எரிபொருள் கடைசியில்தான் பீய்ச்சப்படுகிறது. ஆகவே இத்தகைய தட்டல் அங்கு இல்லை. ஆனால் எரிதலின் வெப்பநிலை குறைவதால் நைட்ரசன் ஆக்சைடுகள் குறைகின்றன.

அமைப்பும் இடமும்

பார்வைக்கு இது சிறிய ரேடியேட்டர் போலவே இருக்கும். அலுமினியக் குழாய்களுக்குள் சூடான காற்று செல்ல, அவற்றுக்கு இடையிலுள்ள மெல்லிய தகடுகள் வழியாக வெளிக்காற்று பாய்கிறது. பெரிய இன்டர்கூலரே சிறந்தது என்று கூறிவிட முடியாது. கொள்ளளவு கூடினால், முடுக்கியை அழுத்தியபின் குழாய்களில் அழுத்தம் நிரம்பக் கூடுதல் நேரம் பிடிக்கும். வழி குறுகலானால் அழுத்தம் வீணாகும்.

முன்பக்கத் தடுப்புக்குப் பின்னால் வைத்தால் காற்று நன்றாகக் கிடைக்கும், குழாய்கள் நீளும். சுபாரு இம்ப்ரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். காரில் இது எஞ்சினின் மேலேயே உள்ளது; மூடியிலுள்ள திறப்பு வழியாகக் காற்று வரும். குழாய்கள் குறுகியவை என்றாலும், நெரிசலில் நிற்கும்போது கீழிருந்து எழும் வெப்பம் இன்டர்கூலரையே சூடாக்கிவிடும். ஃபோக்ஸ்வாகனின் சில 1.4 லிட்டர் டி.எஸ்.ஐ. எஞ்சின்களில் நீரால் குளிரும் இன்டர்கூலர் காற்று உட்செல்லும் பன்வழிக் குழாயினுள்ளேயே பொருத்தப்பட்டுள்ளது. இதனால் காற்றின் பாதை மிகவும் குறுகிவிடுகிறது. பதிலாக, தனி பம்பும் தனி ரேடியேட்டரும் தேவைப்படுகின்றன.

பழுதுகள்

இன்டர்கூலரில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை. பெரும்பாலும் கோளாறு தருபவை அதை இணைக்கும் ரப்பர் குழாய்களும் கவ்விகளும்தான். டீசல் காரில் குழாய் கிழிந்தால் அமுக்கிய காற்று வெளியேறி, இழுவை குறைந்து, கரும்புகை வரும். முடுக்கும்போது சீறும் ஒலியும் கேட்கலாம். உட்புறத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பே. எண்ணெய் தேங்கி நின்றால் டர்போசார்ஜரின் எண்ணெய்த் தடுப்பு வளையங்களையும் எஞ்சினின் காற்றோட்டக் குழாயையும் சோதிக்க வேண்டும்.