புது டைல்ஸ், பழைய நாற்றம்

குளியலறையைப் பார்த்துப் பார்த்துப் புதுப்பித்திருப்பார்கள். கோடை விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்பிக் கதவைத் திறந்தால், சாக்கடை நாற்றம் முகத்தில் அடிக்கும். ஏன்?

காரணம் தரைக்குக் கீழே. தண்ணீர் வெளியேறும் இடத்தில், கொத்தனார்கள் 'நானி ட்ராப்' என்று சொல்லும் கிண்ணம் போன்ற அமைப்பு உண்டு. அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். 50 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் நல்லது. குழாய்க்குள்ளிருந்து மேலேறும் வாயுவுக்கு அந்தத் தண்ணீர்தான் தாழ்ப்பாள். கழிப்பறைக் குழாயை 'எஸ்' எழுத்துபோல வளைத்து இதே வித்தையைச் செய்து, 1775-இல் காப்புரிமை வாங்கியவர் லண்டனில் இருந்த அலெக்சாண்டர் கம்மிங். தொழில்? கடிகாரம் செய்வது!

பல நாள் புழங்காவிட்டால் அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடும், தாழ்ப்பாள் திறந்துகொள்ளும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் போதும். அப்படியும் நாறினால், காற்றுக் குழாய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால், மாடியிலிருந்து தண்ணீர் வேகமாக இறங்கும்போது குழாயில் காற்றழுத்தம் குறையும். அந்த அழுத்தக் குறைவு கீழ்வீட்டு ட்ராப்பில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போய்விடும்.

பழைய தரைமீதே புது டைல்ஸ் ஒட்டுவது இன்னொரு வம்பு. வாட்டம் கெட்டுப்போகும். மீட்டருக்கு 10 மில்லிமீட்டராவது சரிவு இல்லையென்றால் மூலையில் தண்ணீர் நிற்கும்.

டைல்ஸ் நிறத்துக்கு ஒரு வாரம் அலைபவர்கள், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு காய்ந்த பிறகு தண்ணீர் வெளியேறும் வாயை அடைத்து, ஒருநாள் முழுக்கத் தண்ணீர் கட்டிவைத்து, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை.